கூப்பிடு தூரம்

உலகம் சுருங்கிவிட்டது என்ற வாக்கியம் நம் கட்டுரைகளில் அலுக்காமல் வந்துகொண்டிருக்கிறது. நவீனத்துவம் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு நிரூபணம் மாதிரி முதல் பாராவிலேயே வைத்துவிடுகிறார்கள். விமானம் வந்தது, தூரம் அழிந்தது, ஆகவே பாரிஸில் ஒருவன் படும் அவஸ்தையும் இங்கே ஒருவன் படும் அவஸ்தையும் ஒரே காலத்தவை ஆகிவிட்டன - இப்படிப் போகிறது தர்க்கம். இதன் முடிவைப் பற்றி எனக்கு இங்கே பேச்சில்லை. ஆதாரமாகக் காட்டப்படும் அந்த முதல் வரி நிற்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். தூரம் அழிந்ததா? அழிந்தது என்றால், அழிந்தது அழிந்தபடியே இருந்ததா? இதற்குத் தத்துவ விசாரம் தேவையில்லை. ஒரே ஒரு வழியை எடுத்துக்கொண்டு அதன் சரித்திரத்தை வருஷக் கிரமத்தில் சொன்னால் போதும். நான் எடுத்துக்கொள்வது வட ஐரோப்பாவிலிருந்து டோக்கியோவுக்குப் போகும் ஆகாய வழி.

அதற்கு முன்னால் நம்முடைய பழைய அளவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் தூரத்துக்கு நாழிகை வழி என்று ஒரு அளவு இருந்தது. ஒரு நாழிகையில் ஒருவன் நடந்து கடக்கும் தூரம். காதம் என்பதையும் இத்தனை நாழிகை வழி என்றுதான் கணக்கிட்டார்கள். நிலத்தையும் நேரத்தையும் தனித்தனியே பிரிக்காத அளவு இது. ஆற்றில் வெள்ளம் வந்தால், வழியில் கள்ளர் பயம் இருந்தால், நாழிகை கூடும். அளவு தானே அதை ஒப்புக்கொண்டுவிடும். இன்னொன்று கூப்பிடு தூரம். இது இன்னும் விசேஷமானது. இங்கே அளவுகோல் மனிதக் குரல். கூப்பிடுகிறவன் ஒருவன் இருந்தால் மட்டும் இந்த தூரம் உண்டாகிவிடாது. கேட்டு 'ஓ' என்று பதில் கொடுக்க மறு முனையில் ஒருவன் வேண்டும். பின்னால் வந்த மைலும் கிலோமீட்டரும் இந்த இரண்டு விஷயங்களையும் - நேரத்தையும் பதில் குரலையும் - தூரத்திலிருந்து கழற்றிவிட்டன. கழற்றியதால் கணக்கு சுத்தமாயிற்று. ஆனால் கணக்கிலிருந்து கழன்றவை உலகத்திலிருந்து கழன்றுவிடவில்லை.

ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ எவ்வளவு தூரம்? சுவரில் தொங்கும் தட்டையான படத்தில் கோடு கிழித்தால் அது மத்திய ஆசியா வழியாகக் கிழக்கே போகும். படம் பொய் சொல்லும். நான் ஒரு பூகோள உருண்டையை எடுத்து, நூலின் ஒரு நுனியை ஹெல்சிங்கியில் வைத்து, மறு நுனியை டோக்கியோவில் இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். நூல் முதலில் வடகிழக்காக ஏறுகிறது. யூரல் மலையைத் தாண்டி ஸைபீரியாவின் மேல் நீளமாகப் படுத்துக்கொள்கிறது. பிறகு பசிபிக் கரைப் பக்கம் இறங்கி ஜப்பான் கடலைத் தாண்டுகிறது. ஏறக்குறைய 7,800 கிலோமீட்டர். இதைவிடக் குறுகிய வழி பூமியில் சாத்தியமில்லை. நூலின் மிகப் பெரும்பகுதி ஒரே தேசத்தின் மேல் கிடக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய நாற்பது வருஷங்களில் பெரும்பாலும் அந்த நூல் உருண்டையில் மட்டுமே சாத்தியமாக இருந்தது.

காரணம் ஒரு ஒப்பந்தம். 1944 டிசம்பரில் சிகாகோவில் ஐம்பத்திரண்டு தேசங்கள் கூடி, உலகப் போர் முடிவதற்கு முன்பே, வானத்தின் சட்டத்தை எழுதின. அதன் முதல் ஷரத்து, ஒவ்வொரு தேசத்துக்கும் தன் நிலத்துக்கு மேலுள்ள வானத்தின் மீது பூரணமான, தனியான ஆதிபத்தியம் உண்டு என்கிறது. கடலில் கரையோரத்தைத் தாண்டினால் எவனும் போகலாம் என்ற பழைய கொள்கை வானத்துக்குக் கிடைக்கவில்லை. கடலைப் போல வானத்தைப் பொதுவாக நினைத்தது கவிஞர்கள்தான், சட்டமல்ல. இறங்காமல் கடந்துபோகும் உரிமையைத் தேசங்கள் ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ளத் தனியாக ஒரு உடன்படிக்கை ஏற்பட்டது. சோவியத் யூனியன் அந்த மகாநாட்டுக்கே வரவில்லை. ஆகவே பூமியின் மிகப் பெரிய நிலப்பரப்பின் மேல் இருந்த வானம் பூட்டியே கிடந்தது. ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவில் ஒரு சுவர். உயரம் இல்லாத, ஆனால் சுற்றித்தான் போயாக வேண்டிய சுவர்.

சுற்றிப் போனார்கள். முதலில் தெற்கே. 1953 ஏப்ரலில் பிரிட்டிஷ் விமான ஸ்தாபனம் காமெட் என்ற ஜெட் விமானத்தை லண்டன்-டோக்கியோ வழியில் விட்டது. ரோம், பெய்ரூட், கராச்சி, கல்கத்தா, ரங்கூன், பாங்காக், மணிலா என்று தொட்டுத் தொட்டுப் போகும் வழி. பழைய விசிறி விமானத்தில் 86 மணி நேரம் பிடித்த பிரயாணம் 36 மணி நேரமாயிற்று. உலகம் சுருங்கியதைக் கொண்டாட இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் அடுத்த மாதமே, மே 2ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து தில்லிக்குக் கிளம்பிய ஒரு காமெட் புயலில் உடைந்து விழுந்து 43 பேர் இறந்தார்கள். 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இன்னும் இரண்டு, மத்தியதரைக் கடலின் மேல் நடுவானில் பிளந்தன. உயரத்தில் காற்றழுத்தம் மறுபடி மறுபடி ஏறி இறங்கியதில் உலோகம் சோர்ந்து கிழிந்திருந்தது என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். காமெட் நிறுத்தப்பட்டது. 36 மணி நேரம் போய்ப் பழைய கணக்கு திரும்பி வந்தது. சுருங்கிய தூரம் மறுபடி விரிந்த முதல் சந்தர்ப்பம் இது. காரணம் உலோகம். உலோகத்தைத் திருத்தலாம், திருத்தினார்கள்.

அடுத்தது வடக்கே. 1957 பிப்ரவரி 24 அன்று ஸ்காண்டிநேவிய விமான ஸ்தாபனம் கோபன்ஹேகனிலிருந்து ஒரு விமானத்தையும் டோக்கியோவிலிருந்து ஒரு விமானத்தையும் கிளப்பிவிட்டது. நடுவில் அலாஸ்காவின் ஆங்கரேஜில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு வட துருவத்தின் மேலாகப் பறக்கும் வழி. தெற்கு வழியில் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஆனது இதில் சுமார் 32 மணி நேரம். துருவத்தை நெருங்கினால் காந்த ஊசி திசை காட்டாது. தீர்க்க ரேகைகள் எல்லாம் ஒரு புள்ளியில் வந்து குவிவதால் கிழக்கு, மேற்கு என்ற வார்த்தைகளுக்கே அர்த்தம் போய்விடும். படத்தின் மீது சதுரக் கட்டங்கள் போட்டு, அந்தக் கட்டங்களுக்கு ஒரு கற்பனை வடக்கை வைத்து, சுழல் கருவி ஒன்றை நம்பிப் பறந்தார்கள். மனித சாமர்த்தியத்தின் நல்ல அத்தியாயம் இது. குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எதற்காக இந்த சாமர்த்தியம்? பூட்டிய வானத்தைச் சுற்றிப் போவதற்காக. துருவத்தை வென்றோம் என்று ஸ்தாபனங்கள் விளம்பரம் செய்தன. கதவு திறந்திருந்தால் எவரும் ஜன்னல் வழியாக ஏறிக் குதிப்பதில்லை.

ஆங்கரேஜ் இதனால் ஒரு விசித்திரமான ஊராயிற்று. ஐரோப்பாவுக்குப் போகும் ஜப்பானியர்கள் ஒரு தலைமுறைக் காலம் இங்கே இறங்கி ஏறினார்கள். விமான நிலையத்துக்குள் அவர்களுக்கென்று உடோன் நூடுல்ஸ் விற்கும் கடை இருந்தது. அலாஸ்காவின் பனிமலைகளைக் கண்ணாடி வழியே பார்த்தபடி சூடாக ஒரு கிண்ணம் சாப்பிட்டதை அந்தத் தலைமுறை ஜப்பானியர்கள் நினைவு வைத்திருக்கிறார்கள். இரண்டு நகரங்களுக்கு நடுவிலுள்ள தூரம் ஒரு மூன்றாவது நகரத்தை உண்டாக்குகிறது என்பதற்கு இது சாட்சி. பூட்டு திறந்தபோது அந்தக் கடைக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பூட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. 1967இல் மாஸ்கோவுக்கும் டோக்கியோவுக்கும் நடுவே ஸைபீரியாவின் மேல் கூட்டு சர்வீஸ் தொடங்கியது. விமானம் சோவியத்துடையது, டுபலேவ் 114. அதன் உடம்பில் ஜப்பானிய ஸ்தாபனத்தின் கொக்குச் சின்னமும் இருந்தது. 1970இல் ஜப்பானியர்களுக்குத் தங்கள் சொந்த விமானத்தையே மாஸ்கோ வழியாக ஐரோப்பாவுக்கு ஓட்ட அனுமதி கிடைத்தது. ஆனால் மாஸ்கோவில் இறங்கித்தான் போக வேண்டும். மற்றவர்களில் பெரும்பாலோர் ஆங்கரேஜ் வழியாகவே போய்க்கொண்டிருந்தார்கள்.

இந்த வழியின் சரித்திரத்தில் 1983 முக்கியமான வருஷம். ஏப்ரல் 22 அன்று பின்லாந்தின் ஸ்தாபனம் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு எங்கும் இறங்காத சர்வீஸைத் தொடங்கியது. மேற்கு ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு இடைநில்லாமல் போன முதல் ஸ்தாபனம் அது. டிசி-10 விமானத்தில் கூடுதல் எண்ணெய்த் தொட்டி வைத்து, நேரே வடக்கே ஏறி, துருவத்தைக் கடந்து, அலாஸ்காவுக்கும் ஸைபீரியாவுக்கும் நடுவிலுள்ள பேரிங் ஜலசந்தி வழியாக இறங்கினார்கள். நூல் காட்டிய வழியைவிடக் குறைந்தது 3,000 கிலோமீட்டர் அதிகம். 13 மணி நேரம். பின்லாந்துக்கும் சோவியத் யூனியனுக்கும் 1,300 கிலோமீட்டருக்குக் குறையாத பொது எல்லை உண்டு. ஹெல்சிங்கியிலிருந்து கிழக்கே காரில் கிளம்பினால் இரண்டு, மூன்று மணி நேரத்தில் அந்த எல்லை வந்துவிடும். அந்த ஊரிலிருந்து கிழக்கே போக வேண்டியவன் உலகத்தின் உச்சிக்கு ஏறி இறங்கினான். துருவத்தைத் தாண்டியதற்கு அவனுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்.

அதே வருஷம் செப்டம்பர் 1. நியூயார்க்கிலிருந்து ஆங்கரேஜ் வழியாக ஸியோலுக்குப் போன கொரிய விமானம் 007, 269 பேருடன் சோவியத் போர் விமானத்தால் ஸகாலின் தீவுக்கு அருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. ஐந்து வருஷத்துக்கு முன்பே, 1978 ஏப்ரலில், பாரிஸிலிருந்து ஆங்கரேஜுக்குக் கிளம்பிய இன்னொரு கொரிய விமானம் துருவத்தின் பக்கம் திசை மாறி சோவியத் எல்லைக்குள் புகுந்து, சுடப்பட்டு, பனி உறைந்த ஏரியின் மேல் இறங்கியிருந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். 1983இல் தப்பவில்லை. ஆங்கரேஜை விட்டுக் கிளம்பியதிலிருந்தே விமானம் தன் வழியிலிருந்து மெல்ல மெல்ல வடக்கே விலகியிருக்கிறது. தானே ஓட்டும் கருவி குறித்துக் கொடுத்த வழியோடு இணையாமல், ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு போனது. விமானிகள் சரியான வழியில் போவதாகவே எண்ணிக்கொண்டு ஒவ்வொரு கட்டத்தையும் அறிவித்தார்கள். கம்சட்காவின் மேல் போனார்கள், ஸகாலினின் மேல் போனார்கள், அவர்களுக்குத் தெரியாது.

இங்கே நான் ஒரு விவரத்தில் நிற்க விரும்புகிறேன். சுடப்படுவதற்குச் சில நிமிஷம் முன்னால் கொரிய விமானிகள் டோக்கியோவுடன் ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் உயரே, 35,000 அடிக்கு, ஏறலாமா என்று கேட்டார்கள். டோக்கியோ அனுமதித்தது. விமானம் ஏறியது, ஏறியதால் வேகம் குறைந்தது, பின்னால் வந்த போர் விமானி அதைத் தப்பிக்கும் தந்திரமாக எடுத்துக்கொண்டான். அவன் எச்சரிக்கைக் குண்டுகள் சுட்டிருந்தான் - இருட்டில் ஒளிக்கோடு விடாத குண்டுகள். ஆபத்துக் காலத்துக்கென்று உலகம் முழுவதும் ஒதுக்கிய ரேடியோ அலைவரிசையில் அந்த விமானத்தை எவரும் கூப்பிடவில்லை. சர்வதேச விமானப் போக்குவரத்து ஸ்தாபனம் 1993இல் வெளியிட்ட இரண்டாவது அறிக்கை இவற்றைச் சொல்கிறது. விமானத்தின் ஒலிப்பதிவுப் பெட்டிகளைச் சோவியத் அரசு கடலிலிருந்து எடுத்து ஒளித்துவைத்திருந்தது. அந்த அரசே இல்லாமல் போன பிறகுதான் அவை வெளியே வந்தன.

பல நூறு மைலுக்கு அப்பாலிருந்த டோக்கியோவின் குரல் அந்த விமானிகளுக்குக் கேட்டது. சில மைல் பின்னால் பறந்தவனிடமிருந்து குரல் வரவில்லை. எது தூரம், எது அருகு? கிலோமீட்டரில் இதற்கு விடை கிடையாது. கூப்பிடு தூரம் என்று அளவு வைத்த நம் முன்னோருக்கு இது புரிந்திருக்கும்.

269 பேரின் சாவுக்குப் பிறகு நடந்த காரியங்கள் எல்லாம், யோசித்துப் பார்த்தால், கூப்பிடுவது பற்றியவைதான். சிவில் விமானத்தின் மீது ஆயுதம் பிரயோகிக்கக் கூடாது என்ற ஷரத்தை 1984இல் சிகாகோ ஒப்பந்தத்தில் சேர்க்கத் தீர்மானித்தார்கள். அமெரிக்க ராணுவம் தனக்காக உருவாக்கிக்கொண்டிருந்த, செயற்கைக் கோள் மூலம் இடமறியும் ஏற்பாடு, முடிந்ததும் சிவில் விமானங்களுக்கும் திறந்துவிடப்படும் என்று 1983 செப்டம்பரிலேயே ரீகன் அரசு அறிவித்தது. இன்று நம் தெருவில் ஆட்டோக்காரர் கைபேசியில் வழி பார்ப்பதற்கும் அந்த அறிவிப்புக்கும் தொடர்புண்டு. 1985இல் டோக்கியோ, ஆங்கரேஜ், கபரோவ்ஸ்க் ஆகிய மூன்று விமானக் கட்டுப்பாட்டு நிலையங்களும் ஒன்றையொன்று நேரடியாகக் கூப்பிட்டுப் பேசுவதற்கு அமெரிக்காவும் ஜப்பானும் சோவியத் யூனியனும் ஒப்புக்கொண்டன. ஒரு டெலிபோன் இணைப்பு. அதற்கு இவ்வளவு விலை.

பிறகு கோர்பசேவ். 1980-களின் பிற்பாதியில் ஸைபீரியாவின் மேல் இடைநில்லா சர்வீஸ்கள் பெருகின. 1991இல் சோவியத் யூனியன் மறைந்தது. ஆங்கரேஜ் பிரயாணிகளை இழந்து, சரக்கு விமானங்கள் இறங்கும் ஊராயிற்று. ருஷ்யா வானத்தைச் சும்மா திறந்துவிடவில்லை. கடந்துபோகும் ஐரோப்பிய ஸ்தாபனங்களிடமிருந்து வருஷந்தோறும் கோடிக்கணக்கான யூரோ வசூலித்தது. ஆனாலும் நூல் காட்டிய வழியில் உண்மையிலேயே பறக்க முடிந்தது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ ஒன்பதரை மணி நேரம். ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியாவுக்கு மிகக் குறுகிய வழி எங்கள் ஊர்தான் என்று பின்லாந்தின் ஸ்தாபனம் தன் வியாபாரம் முழுவதையும் அந்த நூலின் மேல் கட்டியது. முப்பது வருஷம் போல இது நீடித்தது. உலகம் சுருங்கிவிட்டது என்ற வாக்கியம் நம் பத்திரிகைகளில் பெருத்ததும் இந்தக் காலத்தில்தான்.

2022 பிப்ரவரி 24 அன்று ருஷ்யா உக்ரைனுக்குள் படை அனுப்பியது. கோபன்ஹேகனிலிருந்து துருவ வழி தொடங்கி அன்றோடு சரியாக அறுபத்தைந்து வருஷம். தற்செயல்தான், அர்த்தம் தேட வேண்டாம். சில நாட்களில் ஐரோப்பா தன் வானத்தை ருஷ்ய விமானங்களுக்கு மூடியது. பிப்ரவரி 28 அன்று ருஷ்யா 36 தேசங்களின் விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. மார்ச் 9 அன்று பின்லாந்தின் ஸ்தாபனம் டோக்கியோ சர்வீஸை மறுபடி தொடங்கியது. அதே துருவம், அதே அலாஸ்கா. 13 மணி நேரம். பிரயாணிகளுக்கு மறுபடியும் சான்றிதழ் கொடுத்தார்கள்.

1983இன் டிசி-10க்கும் 2022இன் ஏர்பஸ் 350க்கும் நடுவே முப்பத்தொன்பது வருஷத்துப் பொறியியல் இருக்கிறது. எஞ்ஜின் மாறியது, உடம்பின் உலோகம் மாறியது, இடமறியும் கருவி மாறியது. நேரம் மாறவில்லை. காமெட்டின் உலோகத்தைத் திருத்தியது போல இதைத் திருத்த முடியாது. இது மனிதர்கள் ஒருவருக்கொருவர் பதில் கொடுக்காமல் போனதால் கூடிய நேரம்.

இந்த நேரம் எல்லோருக்கும் ஒரே மாதிரி கூடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சீன ஸ்தாபனங்கள் ருஷ்யாவின் மேல் பறப்பதை நிறுத்தவில்லை. ஆகவே ஐரோப்பாவிலிருந்து பீஜிங்குக்கு இரண்டு தூரங்கள் ஏற்பட்டன: சீனக் கொடியின் கீழ் ஒன்று, ஐரோப்பியக் கொடியின் கீழ் ஒன்று. லண்டன்-பீஜிங் சர்வீஸை பிரிட்டிஷ் ஸ்தாபனம் 2024 அக்டோபரில் நிறுத்திவைத்தது. நாமும் இதற்கு வெளியே இல்லை. தில்லியிலிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு ருஷ்யாவின் மேல் பறந்த இந்திய விமானம் ஒன்று, 2023 ஜூனில், எஞ்ஜின் கோளாறினால் மகதானில் இறங்கியது - ஸ்டாலின் காலத்து முகாம்களின் வாசலாக இருந்த அதே மகதான். 216 பிரயாணிகள் மாற்று விமானம் வரும்வரை அங்கே காத்துக் கிடந்தார்கள். கீழே என்ன இருக்கிறது என்பது மேலே பறக்கிறவனுக்கு இறங்கினால்தான் தெரிகிறது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியபோது தில்லியிலிருந்து மேற்கே உள்ள நகரங்கள் ஒரே ராத்திரியில் தள்ளிப் போயின. ஊர்கள் நகரவில்லை.

உலகம் சுருங்கிவிட்டது என்ற வாக்கியத்தில் எனக்கு உறுத்துவது அதன் இலக்கணம். சுருங்கிவிட்டது என்றால் தானாகச் சுருங்கிய மாதிரி. துணி தண்ணீரில் நனைந்து சுருங்குவது போல. செய்தவன் அதில் இல்லை. முடிந்துபோன காரியம் என்றும் அது சொல்கிறது. திரும்ப விரியும் என்ற பயம் அதில் இல்லை. மேலே சொன்ன சரித்திரத்தில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் செய்தவன் இருக்கிறான்: ஒப்பந்தம் எழுதியவன், எழுத வராதவன், கட்டணம் வசூலித்தவன், சுட்டவன், டெலிபோன் இணைப்புக்குக் கையெழுத்திட்டவன், படை அனுப்பியவன். ஒன்பதரைக்கும் பதிமூன்றுக்கும் நடுவிலுள்ள மூன்றரை மணி நேரம் பூகோளத்தில் இல்லை. இதை இயற்கை மாதிரி பேசுகிற கட்டுரை, அது இலக்கியக் கட்டுரையாக இருந்தாலும், யாரோ சிலருக்குச் சௌகரியமான மௌனத்தைக் கடைப்பிடிக்கிறது.

நவீனத்துவம் பற்றி எழுதும் நண்பர்கள் தங்கள் முதல் பாராவை மாற்றி எழுத வேண்டும் என்பதுதான் என் கட்சி. பாரிஸும் நாமும் ஒரே காலத்தில் இருக்கிறோமா என்பது விமானத்தின் வேகத்தைப் பொறுத்தது அல்ல. கூப்பிட்டால் பதில் வருகிறதா என்பதைப் பொறுத்தது. பதில் வரும் காலங்கள் உண்டு. வராத காலங்களும் உண்டு. ஒன்று இன்னொன்றாக ஒரு வாரத்துக்குள் மாறிவிடுகிறது. ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் எவ்வளவு தூரம் என்று இனி என்னை யாராவது கேட்டால், எந்த வருஷத்தில், எந்தக் கொடியின் கீழ் என்று திருப்பிக் கேட்பதாக இருக்கிறேன்.